எருசலேம் திருக்கல்லறை வீரர் சபையின் பதக்கங்களை அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

தேவாலயப் பங்கின் ஆவணக் காப்பகத்திலோ குடும்பப் பெட்டியிலோ கறுப்பு நாடாவில் தொங்கும் சிவப்புச் சிலுவை ஒன்று கிடைக்கிறது. அல்லது வெண்ணிற மேலங்கி அணிந்த ஒருவரின் பழைய புகைப்படம் கிடைக்கிறது. அது திருப்பீடத்தின், அதாவது வத்திக்கானின், பாதுகாப்பில் உள்ள கத்தோலிக்க அமைப்பான எருசலேம் திருக்கல்லறை வீரர் சபையுடையதா, எந்தத் தரத்துக்குரியது, எந்தக் காலத்தது என்பதை எழுதித்தர வேண்டும். அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது, எங்கெல்லாம் தவறு நேர்கிறது என்பதை இங்கே விளக்குகிறேன்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். "இவர் கமாண்டரா, கிராண்ட் கிராஸா?" என்று தரத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். எந்தச் சபை என்பது உறுதியாகாமல் தரத்தைச் சொல்லவே முடியாது. கழுத்தில் தொங்கும் சிலுவை ஒரு சபையில் ஒரு தரத்தைக் குறிக்கும், மற்றொரு சபையில் வேறு தரத்தைக் குறிக்கும். ஆகவே முதலில் சபை, அடுத்து காலம், அதன் பிறகு தரம், கடைசியில்தான் ஆள். இந்த வரிசையை மாற்றினால், நமக்கு வேண்டிய விடைக்கு ஏற்றபடி சான்றுகளை வளைக்கத் தொடங்கிவிடுவோம்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கருவிகள் அதிகம் வேண்டாம். உருப்பெருக்கிக் கண்ணாடி, மில்லிமீட்டர் அளவுகோல், நைட்ரைல் கையுறை, சாம்பல் அல்லது வெள்ளை நிறத் துணி, நல்ல பகல் வெளிச்சம், கேமரா ஆகியவை போதும். அறிவு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இந்தச் சபையில் இப்போது ஐந்து தரங்கள் உள்ளன: நைட், கமாண்டர், கிராண்ட் ஆபிசர், கிராண்ட் கிராஸ், இவற்றுக்கெல்லாம் மேலாகக் காலர். பெண் உறுப்பினர்கள் 'டேம்' எனப்படுகிறார்கள். அவர்களுக்கும் இதே படிநிலைகள் உண்டு. கிராண்ட் ஆபிசரைச் சில நாடுகளில் 'நட்சத்திரத்துடன் கூடிய கமாண்டர்' என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றே. ஒரே ஆளின் இரு ஆவணங்களில் இரு பெயர்களும் வந்தால், அவர் இரண்டு விருதுகள் பெற்றார் என்று எழுதிவிட வேண்டாம்.

காலத்தைக் கணிக்கச் சில ஆண்டுகள் கையில் இருக்க வேண்டும். 1847இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் எருசலேமின் லத்தீன் முதுபெரும் தந்தை (அங்குள்ள கத்தோலிக்கத் தலைமை ஆயர்) பீடத்தை மீண்டும் நிறுவினார். அதுவரை புனித நாட்டைக் காக்கும் பிரான்சிஸ்கன் துறவியரின் தலைவரான காவலரிடம் இருந்த வீரர் பட்டம் அளிக்கும் உரிமை முதுபெரும் தந்தைக்குச் சென்றது. 1868இல் சபை மூன்று தரங்களாக ஒழுங்குபடுத்தப்பட்டது. 1888இல் பதின்மூன்றாம் லியோ பெண்களைச் சேர்க்க முறைப்படி அனுமதித்தார். 1907இல் பத்தாம் பயஸ் சபையின் தலைமையைத் தாமே ஏற்றதோடு, சிலுவைக்கு மேலே போர்க்கருவித் தொகுப்பு வடிவத்தை வைக்கவும் இசைந்தார். 1949இல் பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட விதிகளின்படி கர்தினால் ஒருவர் தலைவரானார். இப்போதுள்ள விதிகள் 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்புதல் அளித்தவை. இந்த ஆண்டுகள் ஒவ்வொன்றும் பின்வரும் படிகளில் பயன்படும்.

2. துடைக்காமல், பிரிக்காமல் படமெடுங்கள்

பெட்டியைத் திறந்ததும் பளபளப்பாக்கும் பசையை எடுத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். சிவப்பு எனாமலின் ஓரத்தில் முடி போன்ற விரிசல்கள் இருக்கும். பசை அவற்றுக்குள் புகுந்தால் எனாமல் சில்லு சில்லாகப் பெயரும். மேலே பூசிய பொன் மெருகு தேய்ந்துவிட்டால், அது வெள்ளியின் மேல் பொன்பூச்சா, வெறும் பித்தளையா என்ற கேள்விக்கு விடை சொல்லும் தடயமும் போய்விடும்.

எந்தப் பொருள் எந்த நாடாவில், எந்தக் கொக்கியில், பெட்டியின் எந்தக் குழியில் இருந்ததோ அப்படியே முதல் படம் எடுக்க வேண்டும். பெட்டியின் குழிகள் பேசும். கழுத்துச் சிலுவைக்கு ஒரு குழி, அதனருகே நட்சத்திரப் பதக்கத்துக்கு வட்டமான மற்றொரு குழி, அது காலியாக இருக்கிறது என்றால், காணாமல்போன ஒரு பதக்கத்தின் சுவடு கிடைத்துவிட்டது. பொருள்களை வெளியே எடுத்துப் பரப்பிவிட்டால் இந்தச் சான்று பின்னால் நினைவுக்கு வராது.

அதன் பிறகு முன்புறம், பின்புறம், தொங்கும் வளையம், கொக்கி, பெட்டி மூடியின் உட்புறம் என்று தனித்தனியாக, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். மூடிக்குள் ரோமின் டன்ஃபானி அண்டு பெர்டரெல்லி போன்ற கடையின் பெயர் பொறித்திருக்கலாம். அது யார் விற்றார்கள் என்பதைச் சொல்லும், யார் விருதளித்தார்கள் என்பதைச் சொல்லாது. தம் பதக்கத்தை உறுப்பினர் பின்னொரு நாளில் புதிதாக வாங்கியிருக்கவும் கூடும்.

3. சிலுவையின் வடிவத்தை முதலில் பாருங்கள்

நாடாவை விட்டுச் சிலுவையில் தொடங்குவதற்குக் காரணம் எளியது. நாடா கிழியும், நிறம் மங்கும், வீட்டார் வேறொன்றை வாங்கிக் கோப்பார்கள். உலோகமும் எனாமலும் அப்படி எளிதில் மாறுவதில்லை.

திருக்கல்லறை சபையின் அடையாளம் எருசலேம் சிலுவை. நடுவில் பெரிய சிலுவை ஒன்று, அதன் நான்கு நுனிகளிலும் குறுக்காக ஒரு கட்டை, ஆகவே ஒவ்வொரு கையும் ஆங்கில 'டி' எழுத்துபோல முடியும். கைகளுக்கு இடையே உள்ள நான்கு மூலைகளில் நான்கு சிறு சிலுவைகள். ஐந்தும் சிவப்பு எனாமல், பொன் விளிம்பு. இது இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

சிலுவை எட்டு முனைகளோடு இருந்தால், அதாவது ஒவ்வொரு கையும் மீன்வாலாகப் பிளந்திருந்தால், இது வேறு சபை. வெள்ளை எனாமலும் கறுப்பு நாடாவும் என்றால் மற்றொரு கத்தோலிக்க வீரர் சபையான மால்டா சபையாக இருக்கலாம். சிவப்பு எனாமல், நடுவில் புனித கிரகோரியார் உருவம், பின்புறம் 'ப்ரோ தேயோ எத் ப்ரின்சிபே' என்ற லத்தீன் சொற்கள் என்றால், அது 1831இல் பதினாறாம் கிரகோரி நிறுவிய புனித பெரிய கிரகோரியார் விருது. வெள்ளைச் சிலுவையின் கைகளுக்கு இடையே பொற்கதிர்கள் தெரிந்து, பின்புறம் 1841, 1905 ஆகிய ஆண்டுகள் உரோமை எண்களில் இருந்தால் புனித சில்வெஸ்தர் விருது. நீல எனாமலில் எட்டுக் கதிர் விண்மீன் போல இருந்தால் ஒன்பதாம் பயஸ் விருது. இந்த மூன்றும் திருத்தந்தையே அளிப்பவை. திருக்கல்லறை சபை திருப்பீடத்தின் பாதுகாப்பில் இருந்தாலும் தனக்கெனத் தலைவரைக் கொண்ட தனி அமைப்பு. குடும்பத்தார் "போப்பாண்டவர் கொடுத்தது" என்று சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாமல் இந்த வேறுபாட்டைச் சரிபார்க்க வேண்டும்.

4. நாடாவைத் துணைச்சான்றாக மட்டும் கொள்ளுங்கள்

திருக்கல்லறை சபையின் நாடா முழுக் கறுப்பு, நீரலை போன்ற மினுமினுப்புள்ள பட்டு. ஆனால் மால்டா சபையும் கறுப்பையே பயன்படுத்துகிறது. கறுப்பு நாடா மட்டும் இருந்து சிலுவை தொலைந்துவிட்டால், "கறுப்பு நாடா, சபை உறுதியாகவில்லை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத இயலாது.

கறுப்பில் சிவப்புக் கோடுகள் தெரிந்தால் அது புனித சில்வெஸ்தர் நாடா. நடுவில் ஒன்றும் இரு ஓரங்களில் ஒவ்வொன்றுமாக மூன்று கோடுகள். மங்கிய பட்டில் இந்தக் கோடுகள் பழுப்பாகி அழுக்குபோலத் தெரியும். நாடாவின் மடிப்பைச் சற்றே விலக்கிப் பார்த்தால், வெளிச்சம் படாத இடத்தில் நிறம் அப்படியே இருக்கும்.

சிலுவையும் நாடாவும் ஒத்துப்போகாவிட்டால், பழைய நாடாவைக் கழற்றி எறியாதீர்கள். பொருந்தாத நாடாவும் அந்தப் பதக்கத்தின் வரலாற்றில் ஒரு பகுதி. பொருந்தவில்லை என்பதைப் பதிவில் எழுதினால் போதும்.

5. சிலுவைக்கு மேலே என்ன இருக்கிறது?

சிலுவையையும் நாடாவையும் இணைக்கும் அந்தச் சிறு வேலைப்பாட்டைப் பலர் அலங்காரம் என்று எண்ணித் தாண்டிவிடுகிறார்கள். தலைக்கவசம், மார்புக்கவசம், கொடிகள் சேர்ந்த போர்க்கருவித் தொகுப்பு அங்கே இருந்தால், 1907க்குப் பிந்தைய வடிவம் என்று கொள்ள வலுவான காரணம் உண்டு. பெண் உறுப்பினர்களின் சிலுவையில் அந்த இடத்தில் நாடா முடிச்சு போன்ற வடிவம் வரும். பெட்டியில் பெயர் இல்லை, ஆணா பெண்ணா என்பதே தெரியவில்லை என்ற நிலையில் இந்த ஓர் அங்குலத் துண்டு விடை சொல்லிவிடும்.

போர்க்கருவித் தொகுப்பு இந்தச் சபைக்கு மட்டும் உரியதன்று. மால்டா சபையிலும், கிரகோரியார் விருதின் படைத்துறைப் பிரிவிலும் அது உண்டு. குடிமைப் பிரிவுக் கிரகோரியார் சிலுவைக்கு மேலே பச்சை இலை வளையம் இருக்கும். சபையைத் தீர்மானித்த பிறகே இந்தப் படி பயன்தரும் என்பதற்கு இதுவே காரணம்.

பெண்ணுக்குரிய வடிவம் என்று தெரிந்தால் மற்றொன்றையும் சரிபாருங்கள்: ஆவணத்தில் உள்ள ஆண்டு 1888க்கு முந்தையதா? அப்படியென்றால் ஆண்டைத் தவறாகப் படித்திருக்க வாய்ப்பு அதிகம். உரோமை எண்களில் ஒரு எழுத்து விட்டுப்போனாலே பத்தாண்டு, ஐம்பதாண்டு வேறுபாடு வந்துவிடும்.

6. இப்போதுதான் தரம்: உடலில் எந்த இடத்தில் அணிகிறார்கள்?

தரத்தைச் சிலுவையின் அழகோ எடையோ காட்டாது. அது உடலில் எங்கே அணியப்படுகிறது, அதோடு வேறென்ன சேர்கிறது என்பதுதான் காட்டும்.

வலத் தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்கும் அகன்ற கறுப்பு நாடாவின் முடிச்சில் சிலுவை, கூடவே இடப்பக்க மார்பில் நட்சத்திரப் பதக்கம்: கிராண்ட் கிராஸ். அகன்ற நாடா இல்லாமல் கழுத்தில் சிலுவை, மார்பில் நட்சத்திரம்: கிராண்ட் ஆபிசர். தோள்களைச் சுற்றி உலோகக் கண்ணிகளாலான மாலை: காலர். இந்த மாலையை மிகச் சிலரே பெறுகிறார்கள் என்பதால், ஒரு புகைப்படத்தில் அதைக் கண்டதாகத் தோன்றினால் இருமுறை பாருங்கள். நகர மேயர்கள், பிற சபைத் தலைவர்கள் அணியும் பதவிச் சங்கிலிகளும் இப்படித்தான் இருக்கும்.

கடினம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. கழுத்தில் சிலுவை மட்டும் இருந்தால் கமாண்டர் என்று எழுதுவதுதான் நான் மிக அதிகமாகத் திருத்த நேர்ந்த பிழை. கிரகோரியார், சில்வெஸ்தர் விருதுகளில் அது சரி. அங்கே நைட் மார்பிலும் கமாண்டர் கழுத்திலும் அணிவார். அந்தப் பழக்கத்தைத் திருக்கல்லறை சபைக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். இங்கே பதவியேற்புச் சடங்கிலேயே புதிய நைட்டின் கழுத்தில் சிலுவையை அணிவிக்கிறார்கள். ஆகவே நட்சத்திரம் இல்லாத கழுத்துச் சிலுவை நைட்டுக்கும் உரியதாக இருக்கலாம், கமாண்டருக்கும் உரியதாக இருக்கலாம். இந்த இரண்டில் எது என்பதை ஆவணம் இல்லாமல் அறுதியிட்டுச் சொல்லாதீர்கள். "நைட் அல்லது கமாண்டர்" என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதக்கங்களில் மார்பில் அணியும் சிறிய வடிவமும் உண்டு. சிறியதாக இருக்கிறதே, இது போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். மாலை விருந்து உடையில் அணியும் மிகச் சிறிய நகல்களும், கோட்டு மடிப்பில் செருகும் துணிப் பொத்தான்களும் கிடைக்கும். அவை தனி விருதுகள் அல்ல. பெரிய பதக்கத்தின் அன்றாட வடிவங்கள். நகலைத் தனிப் பதக்கமாக எண்ணிக் கணக்கில் சேர்த்தால், ஒருவர் இரண்டு முறை விருது பெற்றதாகப் பட்டியல் சொல்லும்.

மேலங்கியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆண்கள் அணிவது வெண்ணிற மேலங்கி, பெண்கள் அணிவது கறுப்பு. இரண்டிலும் இடப்பக்கம் பெரிய சிவப்பு எருசலேம் சிலுவை. புகைப்படங்களில் கண்ணை முதலில் இழுப்பது இதுதான். ஆனால் மேலங்கி உறுப்பினர் என்பதைத்தான் சொல்கிறது. நைட் அணிவதும் கிராண்ட் கிராஸ் அணிவதும் அதே மேலங்கிதான். தரத்துக்காக அதன் சிலுவையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். கழுத்துப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

உறுப்பினர் என்றால் பொதுநிலையினர் என்றும் எண்ண வேண்டாம். ஆயர்களும் அருட்பணியாளர்களும் இதில் சேர்கிறார்கள். சபையின் தலைமைக் குரு எருசலேம் லத்தீன் முதுபெரும் தந்தையே. ஆயர் ஒருவரின் படத்தில் மார்புச் சிலுவைக்கு மேலே இரண்டாவதாக எருசலேம் சிலுவை தெரிந்தால், அது இச்சபையின் சின்னமாக இருக்க வாய்ப்புண்டு.

7. தரம் அல்லாத சிறப்புகளைத் தனியே பிரியுங்கள்

சபைக்குள் வழங்கப்படும் எல்லாமே தரம் ஆகாது. மூன்று சிறப்புகளை வேறாக வைக்க வேண்டும். குழப்பம் இங்கேதான் பெருகுகிறது.

முதலாவது எருசலேம் குருத்தோலை விருது. பொன், வெள்ளி, வெண்கலம் என மூன்று நிலைகள். சபைக்கும் புனித நாட்டுக்கும் சிறப்பாகத் தொண்டு செய்த உறுப்பினருக்குத் தரப்படுவது. ஒருவர் நைட்டாக இருந்துகொண்டே பொன் குருத்தோலை பெறலாம். கிராண்ட் கிராஸ் ஒருவர் எந்தக் குருத்தோலையும் பெறாமலும் இருக்கலாம். பொன் என்ற சொல்லைப் பார்த்ததும் தரத்தை ஒரு படி உயர்த்தி எழுதுகிறார்கள். குருத்தோலை ஏணியின் படி அன்று.

இரண்டாவது திருப்பயணிச் சிப்பி. புனித நாட்டுக்குத் திருப்பயணம் சென்ற உறுப்பினருக்கு உரியது. சிப்பி வடிவத்தின் மேல் சிவப்பு எருசலேம் சிலுவை இருக்கும். காப்பகம் தேடுபவருக்கு இது ஒரு பரிசு: சிப்பி இருந்தால், அந்த ஆள் எருசலேம் சென்று வந்திருக்கிறார். பயணக் கடிதங்கள், கடவுச்சீட்டு, கப்பல் அல்லது விமானச் சீட்டு எங்காவது இருக்கக்கூடும். அவற்றில் உள்ள தேதி மற்ற ஆவணங்களின் காலத்தையும் நிறுத்த உதவும். வெறும் சிப்பி மட்டும் என்றால் எச்சரிக்கை வேண்டும். ஸ்பெயினின் சந்தியாகோ திருப்பயணத்திலும் சிப்பிதான் அடையாளம். எருசலேம் சிலுவை அதன் மேல் இல்லையென்றால் இந்தச் சபையோடு இணைக்காதீர்கள்.

மூன்றாவது தகுதிச் சிலுவை. இதைத்தான் நன்றாக நினைவில் கொள்ள வேண்டும். இது உறுப்பினர் அல்லாதவர்களுக்கு அளிக்கப்படுவது. சபையின் பணிக்கு உதவிய ஒருவருக்கு நன்றியாகத் தருகிறார்கள். இதைப் பெற்றவர் சபையில் சேர்ந்தவர் ஆகமாட்டார். நட்சத்திரத்துடன் கூடிய வடிவங்களும் இதில் உண்டு என்பதால் மார்பில் நட்சத்திரம் கண்டதும் கிராண்ட் ஆபிசர் என்று முடிவு கட்டக் கூடாது. ஆவணம் கிடைக்கும்போது 'தகுதி' என்ற பொருள் தரும் லத்தீன் அல்லது இத்தாலியச் சொல், 'மெரித்தி' அல்லது 'மெரிதோ', அதில் வருகிறதா என்று தேடுங்கள். வந்தால், பதிவில் "உறுப்பினர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "விருது பெற்றவர்" என்று எழுதுங்கள்.

8. ஒத்த உருவங்களை விலக்குங்கள்

எருசலேம் சிலுவை இந்தச் சபையின் தனிச்சொத்து அன்று. புனித நாட்டைக் காக்கும் பிரான்சிஸ்கன் துறவியரின் அடையாளமும் அதுவே. எருசலேம் பழைய நகரக் கடைகளில் பயணிகள் வாங்கும் கழுத்துத் தொங்கல்களிலும் அதே வடிவம். கடைத் தொங்கலில் போர்க்கருவித் தொகுப்பு இருக்காது. நாடாவுக்கான அகன்ற வளையம் இல்லாமல் சங்கிலிக்கான சிறு வளையம் இருக்கும்.

மிக ஏமாற்றுவது பதின்மூன்றாம் லியோவின் எருசலேம் திருப்பயணிச் சிலுவை. 1901இல் ஏற்படுத்தப்பட்ட இதுவும் எருசலேம் சிலுவை வடிவம்தான், பொன், வெள்ளி, வெண்கலம் என மூன்று நிலைகளும் உண்டு. புனித நாட்டுக்குத் திருப்பயணம் சென்ற எந்தக் கத்தோலிக்கரும் பெறக்கூடியது. பிரான்சிஸ்கன் காவலர் வழியாக அளிக்கப்படுவது. இதில் லியோவின் உருவமும், அவர் இதை 1900ஆம் ஆண்டு உருவாக்கினார் என்று கூறும் லத்தீன் வாசகமும் பொறித்திருக்கும். சிலுவையின் நடுவில் முகமோ எழுத்தோ தெரிந்தால் உடனே இதை நினைத்துக்கொள்ளுங்கள். இதைப் பெற்றவரை "திருக்கல்லறை வீரர்" என்று நினைவு மலரில் அச்சிட்டுவிட்டால், பிறகு அந்த மலரையே சான்றாகக் காட்டி அடுத்தவர் எழுதுவார்.

திருப்பீடத்தின் ஒப்புதல் இல்லாமல் வீரர் பட்டம் வழங்கும் அமைப்புகளும் நெடுங்காலமாக இருக்கின்றன. திருத்தந்தையின் சொந்த ஐந்து விருதுகளைத் தவிர, தான் அங்கீகரிப்பவை மால்டா சபையும் திருக்கல்லறை சபையும் மட்டுமே என்று திருப்பீடத்தின் செயலகம் 2012 அக்டோபரில் தெளிவாக அறிவித்தது. அழகான பதக்கமும் லத்தீன் பட்டயமும் (விருதளித்ததற்கான சான்றிதழ்) இருப்பதே சான்று ஆகிவிடாது.

9. ஆவணத்தைப் படியுங்கள்

பதக்கத்தைக் கடையில் வாங்க முடியும். பட்டயத்தை அப்படி வாங்க முடியாது. ஆளையும் தரத்தையும் தேதியையும் ஒருசேரச் சொல்வது அதுதான்.

முதலில் யார் பெயரால் வழங்கப்பட்டது என்று பாருங்கள். 1949க்கு முந்தையது என்றால் எருசலேம் முதுபெரும் தந்தையின் பெயரை எதிர்பார்க்கலாம்: வலேர்கா 1847 முதல் 1872 வரை, பிராக்கோ 1873 முதல் 1889 வரை, பியாவி 1889 முதல் 1905 வரை, அதன் பின் கமாசெய், 1920 முதல் 1947 வரை பர்லசீனா. 1949க்குப் பின் கர்தினால் தலைவரின் பெயர் வரும். முதலில் நிக்கோலா கனாலி, பிறகு 1972 வரை யூஜின் திசரான், 1988 வரை டி ஃபூர்ஸ்டன்பெர்க், 1995 வரை கப்ரியோ, 2007 வரை ஃபுர்னோ, 2011 வரை ஜான் ஃபோலி, 2019 வரை எட்வின் ஓ'பிரையன், இப்போது பெர்னாண்டோ ஃபிலோனி. தேதி கிழிந்துபோன பட்டயத்திலும் இந்த ஒரு பெயர் காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் அடைத்துவிடும்.

அடுத்து, பெறுபவரின் பெயர். லத்தீனில் எழுதியிருப்பதால் ஜோசப் என்பது 'யோசேபுஸ்' என்று வரும், அதன் ஈற்றெழுத்தும் இடத்துக்கேற்ப மாறும். சூசை, அருளப்பன் போன்ற நம் பெயர்களைத் தேடுபவர்கள் ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள வடிவத்தை முதலில் எடுத்துவைத்துக்கொண்டால் ஒப்பிட எளிது. பெயர் ஒத்ததும் அதே ஆள்தான் என்று முடிக்காதீர்கள். மறைமாவட்டத்தின் பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது, தரத்தின் பெயர். ஒரே ஆளுக்கு இரண்டு பட்டயங்கள் இருந்தால் பிந்தைய தேதியுள்ளது பதவி உயர்வு. பெட்டியில் இருக்கும் பதக்கம் முந்தைய தரத்துடையதாக இருக்கலாம். பட்டயமும் பதக்கமும் முரண்படுவதாகப் பலர் இங்கே திகைத்து நிற்கிறார்கள். முரண் ஏதுமில்லை, இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவை.

நாளிதழ் துணுக்குகளில் ஒரு கண்ணி உண்டு. 'செவாலியே' என்ற முன்னொட்டு மட்டும் இருந்தால் எந்தச் சபை என்று சொல்ல முடியாது. கிரகோரியார், சில்வெஸ்தர் விருது பெற்றவர்களுக்கும் அது வழங்குகிறது. பிரெஞ்சு அரசு விருதுகளிலும் அது ஒரு தரத்தின் பெயர். நடிகர் சிவாஜி கணேசன் பெற்றது அந்த வகை.

10. படம் மட்டுமே இருந்தால்

முதல் வேலை, படம் இடம்வலம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. கண்ணாடித் தகட்டையோ நெகட்டிவையோ திருப்பிப் போட்டு அச்சிட்டிருப்பார்கள். எருசலேம் சிலுவை இருபுறமும் ஒத்திருப்பதால் அதை வைத்துக் கண்டுபிடிக்க இயலாது. ஆண்களின் கோட்டில் இடப்பக்கம் மேலே வந்து வலப்பக்கத்தை மூட வேண்டும். மேலங்கியின் சிலுவையும் நட்சத்திரமும் இடப்பக்கம் இருக்க வேண்டும். இவையெல்லாம் ஒன்றாக மாறியிருந்தால் படத்தைத் திருப்பிவிட்டுப் பிறகு தொடருங்கள்.

இரண்டாவது, கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை நம்பாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக இருந்த படச்சுருள் வகை சிவப்பொளியைப் பதிவு செய்யாது. அதனால் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாக விழும். சில்வெஸ்தர் நாடாவின் சிவப்புக் கோடுகள் கறுப்பில் கரைந்து திருக்கல்லறை நாடா போலவே தெரியும். கிரகோரியாரின் சிவப்பு நாடாவும் அப்படியே. ஆகவே அந்தக் காலப் படங்களில் சிலுவையின் வெளிக்கோட்டை மட்டும் நம்புங்கள். கைகள் 'டி' போல முடிகின்றனவா, மீன்வாலாகப் பிளக்கின்றனவா? மங்கலாக இருந்தால் படத்தைப் பெரிதாக்குவதைவிட மூலப் படத்தைக் கேட்டு அதிகத் தெளிவில் மறுபடி வருடி எடுப்பதே வழி. செயலிகள் 'தெளிவாக்கித்' தரும் படங்களை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. இல்லாத முனைகளை அவை வரைந்து கொடுக்கின்றன.

11. பதிவை எழுதும் முறை

கண்டதையும் முடிவையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். முதற்பத்தியில் கண்ணால் கண்டது மட்டும்: "சிவப்பு எனாமல் எருசலேம் சிலுவை, பொன் விளிம்பு, மேலே போர்க்கருவித் தொகுப்பு, கறுப்புக் கழுத்து நாடா, நட்சத்திரம் இல்லை, பெட்டியில் நட்சத்திரத்துக்குரிய குழியும் இல்லை." அடுத்த பத்தியில் முடிவு: "எருசலேம் திருக்கல்லறை வீரர் சபை, 1907க்குப் பிந்தையது, ஆணுக்குரியது, நைட் அல்லது கமாண்டர்." மூன்றாவதாக, எது கிடைத்தால் ஐயம் தீரும் என்பதை எழுதுங்கள்: பட்டயம், பதவியேற்புச் சடங்கின் அழைப்பிதழ், மறைமாவட்டச் செய்தி மடல். பின்னால் வருபவர் முடிவை ஏற்காமல் போனாலும், நீங்கள் கண்டதை அவர் பயன்படுத்த முடியும்.

குடும்பத்தார் சொல்வதைத் தனியே, "குடும்பத்தாரின் கூற்று" என்று தலைப்பிட்டு எழுதுங்கள். அதை ஒதுக்கவும் வேண்டாம், முடிவோடு சேர்க்கவும் வேண்டாம். தந்தையின் பதக்கம் எதிர்பார்த்ததைவிட ஒரு படி கீழுள்ள தரத்துக்குரியது என்று சொல்ல நேரும்போது முகம் வாடுவது இயல்பு. அந்த நேரத்தில் சான்றைத் தளர்த்தாதீர்கள். சிப்பி ஒன்று பெட்டியில் இருந்தால் அதை எடுத்துக் காட்டி, அவர் எருசலேம் சென்று வந்தவர் என்பதைச் சொல்லுங்கள். பல வீடுகளில் அந்தச் செய்தி யாருக்கும் தெரிந்திருப்பதில்லை.

12. திரும்ப வைக்கும்போது

சிலுவையையும் நட்சத்திரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று படும்படி வைக்காதீர்கள், எனாமல் உரசும். அமிலமற்ற மெல்லிய தாளில் தனித்தனியே சுற்றுங்கள். நாடாவைக் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். நீரலை மினுமினுப்பு ஒருமுறை அழுந்திவிட்டால் திரும்பாது. பட்டயத்தை மடித்துப் பதக்கப் பெட்டிக்குள் திணிக்காமல் தட்டையான உறையில் வையுங்கள். பெட்டியிலும் உறையிலும் ஒரே பதிவெண்ணைப் பென்சிலால் எழுதிய சீட்டை வைத்துவிடுங்கள்.